கான்கிரீட்டுக்கு ஸ்பிரிண்ட் கிடையாது, எடைச் சீட்டுக்கு உண்டு

கோத்தகிரி வட்டாரத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுமானமும் இயந்திர நிறுவலும் செய்துவரும் நிறுவனத்தில் 16 ஆண்டுகளாகத் திட்ட மேலாளர். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்றைச் சீரமைக்கும் வேலையை அவருடைய நிறுவனம் எடுத்திருக்கிறது. அதில் மூன்று பகுதிகள். இலை வாடவைக்கப் புதிய கூடம் கட்டுவது, அதில் ட்ரஃப்களையும் (இலையைப் பரப்பிக் காற்றடித்து வாடவைக்கும் நீண்ட தொட்டிகள்) ஒரு ட்ரையரையும் (உலர்த்தும் இயந்திரம்) பொருத்துவது, 14 இலை எடுக்கும் இடங்களில் எடையைக் கைப்பேசியில் பதிந்து விவசாயியின் கணக்கில் ஏற்றும் செயலி ஒன்றை உருவாக்குவது. மொத்தம் 1.4 கோடி ரூபாய், 9 மாதக் கெடு, நான்கு தவணை. தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம், அதிகபட்சம் 5 சதவீதம்.

முதலாளியின் மகன் கோவையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, “இனி எல்லாமே அஜைல்” என்று அறிவித்துவிட்டார். சிறு சிறு சுற்றுகளாகச் செய்து காட்டி, திருத்திக்கொண்டே போகும் மென்பொருள் உலகின் முறை அது. எந்த வேலை எப்போது என்று காட்டும் கான்ட் சார்ட் சுவரிலிருந்து இறங்கியது. எல்லா வேலைக்கும் இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது முடிந்திருக்க வேண்டும். தினமும் காலை 9 மணிக்குக் கோவையில் இருக்கும் 6 மென்பொருள்காரர்களும் சைட்டில் இருக்கும் 11 பேரும் ஒரே வீடியோ அழைப்பில் 50 நிமிடம். 27 வருட அனுபவமுள்ள சைட் சூப்பர்வைசர் அண்ணன், “நேத்து என்ன செஞ்சே, இன்னைக்கு என்ன செய்வேன்னு கேக்க நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?” என்று கேட்டுவிட்டு வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். இரண்டு ஸ்பிரிண்ட் போயும் ‘முடிந்தது’ என்று சொல்ல ஒரு வேலையும் இல்லை. தொழிற்சாலைக்காரரோ, “உங்க முறை எதுவா இருந்தா எனக்கென்ன, ஒப்பந்தப்படி முடிச்சுக் குடுங்க” என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: பழைய முறைக்கே திரும்பிவிடலாமா, முழுதாக மாறிவிடலாமா? ஒப்பந்தம் என்ன ஆகும்? அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமில் திட்ட மேலாளர் என்ற பதவியே இல்லையாமே, என் வேலை நிலைக்குமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் திட்டத்துக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டதுதான் சிக்கல். முறை பழையதா புதியதா என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரு முடிவு தவறாகிப்போனால் அதைத் திருத்த என்ன செலவாகும் என்று மட்டும் பாருங்கள். செயலியில் ஒரு திரையை மாற்ற ஒரு நாள் போதும். வார்த்துவிட்ட ஸ்லாபை மாற்ற அதை உடைக்க வேண்டும். திருத்தம் மலிவாக இருக்கும் இடத்தில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். திருத்தம் விலை உயர்ந்த இடத்தில் யோசிக்க வேண்டியதையெல்லாம் முன்னதாகவே யோசித்து முடித்துவிட வேண்டும்.

முதலில், பயிற்சியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த சில தவறான எண்ணங்களைச் சரிசெய்துவிடுகிறேன்.

அஜைல் என்றால் திட்டமும் ஆவணமும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி எழுதிய அறிக்கையில் நான்கு மதிப்பீடுகள் உண்டு. திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் கீழே வைக்கப்பட்டவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரியைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கான்ட் சார்ட்டை மறுபடி சுவரில் ஏற்றுங்கள்.

வேலை வேகமாகும் என்ற நம்பிக்கையும் தவறு. குறுகிய சுழற்சியால் மேஸ்திரியின் கை வேகம் கூடாது, புரோகிராமரின் கையும் கூடாது. ஆறாவது மாதத்தில் தெரியவரும் தவறு மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான். அந்த மிச்சம் சிறியதல்ல. உங்கள் ஒப்பந்தப்படி ஒரு வாரத் தாமதம் 70,000 ரூபாய். பத்து வாரம் போனால் 7 லட்சம்.

மூன்றாவது, பெயர். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதி 2020இல் கடைசியாகத் திருத்திய ஸ்க்ரம் கையேடு, பாதியை எடுத்துப் பாதியை விட்டால் அது ஸ்க்ரம் ஆகாது என்கிறது. நான் சொல்லப்போவது ஸ்க்ரம் அல்ல, கலப்பு முறை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. திட்ட மேலாண்மைக்கான உலகளாவிய அமைப்பான பி.எம்.ஐ. 2017இலிருந்தே தன் வழிகாட்டிகளில் கலப்பு முறையை ஏற்றிருக்கிறது. ஆனால் வெளியே “நாங்கள் ஸ்க்ரம் செய்கிறோம்” என்று சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கேட்கலாமே” என்பார்.

கட்டட வேலை: ஸ்பிரிண்டை எடுத்துவிடுங்கள்

இதைத் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 456இன்படி, தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் ஸ்லாபுக்கு அடியிலிருக்கும் முட்டுகளை 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமின் முட்டுகளை 21 நாளும் எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, சரியாகத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்தால், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில். நம் மலையில் நவம்பர், டிசம்பர் இரவுகள் அதற்குக் கீழேதான். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். கடையில் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) என்ற கலப்பு சிமென்ட் என்றால் க்யூரிங்கே 10 நாளுக்குக் குறையக் கூடாது. ஆகவே உங்கள் கூடத்தில் முட்டு எடுக்கும் நாளைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். ‘ஸ்பிரிண்ட் முடிகிறது, போர்டில் கார்டை நகர்த்த வேண்டும்’ என்ற அவசரம் சென்ட்ரிங் பிரிக்கும் ஆளின் காதுக்கே போகக் கூடாது.

கட்டட வேலைக்கென்றே குறுகிய சுழற்சி முறை ஒன்று உண்டு. 1990களில் க்ளென் பாலார்டும் கிரெக் ஹோவெலும் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறை அது. கடைசியாகத் திட்டமிடுபவர், அதாவது ஆளை நிறுத்தி வேலை வாங்கும் சூப்பர்வைசரும் மேஸ்திரியும், தாங்களே வாக்குக் கொடுத்த வேலையைத்தான் வாரத் திட்டமாக எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் சூப்பர்வைசர் அண்ணனுக்கு இதில் நடு இடம் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். கான்ட் சார்ட்டிலிருந்து அடுத்த ஆறு வார வேலைகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைத் தொடங்கவிடாமல் தடுக்கக்கூடியது என்ன என்று கேளுங்கள்: வரைபடம் வந்துவிட்டதா, கம்பி மேலே வந்துவிட்டதா, மண் வெட்ட ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கையில் இருக்கிறதா, முந்தைய வேலை முடிந்ததா. ஒவ்வொரு தடைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. தடை நீங்காத வேலை அடுத்த வாரத் திட்டத்துக்குள் வரக் கூடாது. சனிக்கிழமை மாலை, வாக்குக் கொடுத்த வேலைகளில் முழுதாக முடிந்தவற்றை எண்ணுங்கள். 12இல் 7 என்றால் 58 சதவீதம். ‘முக்கால்வாசி முடிந்தது’ என்பது பூஜ்யம்தான். முடியாத ஐந்துக்கும் காரணத்தை மழை, பொருள், வரைபடம், ஆள், முந்தைய வேலை என்று வகைப்படுத்தி எழுதுங்கள். ஐந்து வாரத்தில், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் எல்லோரும் சொல்லும் மழையைவிட வரைபடமும் பொருளும்தான் மேலே நிற்கும்.

இந்தச் சதவீதத்தை வைத்து யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் சுலபமான வேலைக்கு மட்டுமே வாக்கு வரும், எண் அழகாக ஏறும், கட்டடம் ஏறாது.

நீங்கள் எழுதியிருப்பது செப்டம்பர் முதல் வாரத்தில். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனம். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை அங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மண் வெட்டும் வேலையும் தடுப்புச் சுவரும் அதன் வடிகால் துளைகளும் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் முடிய வேண்டும். முடியாது என்று தோன்றினால் வெட்டைத் தொடங்கவே வேண்டாம், ஜனவரிக்குத் தள்ளுங்கள். பாதி வெட்டிய சரிவை மழைக்குக் காட்டுவதைவிட அபராதம் கட்டுவது மேல். ஆறு வாரத் தாளில் எழுதவேண்டிய முதல் வரி இது.

இயந்திரம்: ஆணைக்கு முன்னால் மட்டும் சோதனை

ட்ரஃப், ட்ரையர் விஷயம் நடுவில் இருக்கிறது. இயந்திரம் செய்பவருக்கு வாங்கும் ஆணை கொடுக்கும்வரை மாற்றலாம், கொடுத்த பிறகு முடியாது. ஆகவே சோதனை எல்லாம் ஆணைக்கு முன்னால். கூடத்தின் அளவைத் திறந்த தரையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் போட்டு, ட்ரஃப் நிற்கும் இடங்களைக் கோடிடுங்கள். தொழிற்சாலையில் இலை பரப்பும் ஆட்களை அழைத்து, சாக்கோடும் தள்ளுவண்டியோடும் அந்தக் கோடுகளுக்கு நடுவே நடக்கச் சொல்லுங்கள். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமிருக்கிறதா, விசிறிப் பக்கத்தில் ஆள் நின்று பழுதுபார்க்க முடிகிறதா என்று அரை நாளில் தெரிந்துவிடும். முதலாளியின் மகன் விரும்பும் அஜைல் உண்மையில் இதுதான்.

அடுத்து, இயந்திரத்தை அடித்தளத்தோடு பிணைக்கும் ஃபவுண்டேஷன் போல்ட். இயந்திரம் செய்பவரின் கையொப்பமிட்ட வரைபடம் வராமல் ட்ரையரின் அடித்தளத்தை வார்க்காதீர்கள். ‘சுமாரா இந்த இடம்தான்’ என்று வார்த்துவிட்டு, போல்ட் துளை பொருந்தாமல் உடைத்து எடுத்த சைட்டுகள் ஏராளம். வரைபடம் தாமதமானால் போல்ட் இடத்தில் குழி விட்டு வார்த்து, பின்னால் க்ரவுட் (குழியை நிரப்பும் கலவை) ஊற்றுவது பாதுகாப்பான வழி. அதையும் பொறியாளரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

செயலி: இங்கே ஸ்பிரிண்டை முழு மனதோடு செய்யுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதி. முதல் ஸ்பிரிண்டில் லாகின் திரை, இரண்டாவதில் விவசாயிகள் பட்டியல், இப்படி அடுக்கு அடுக்காகச் செய்து, தொழிற்சாலைக் கணக்காளரிடம் காட்டியிருக்கிறீர்கள். எடை போடுபவர் இன்னும் செயலியைப் பார்க்கவே இல்லை. இது பழைய முறைதான், துண்டு போட்டுப் பரிமாறியிருக்கிறீர்கள்.

வேலையைக் குறுக்காக வெட்டாமல் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கீற்றாக வெட்டுங்கள். முதல் இரண்டு வாரத்தின் இலக்கு ஒரே ஒரு இலை எடுக்கும் இடம், ஒரு எடையாளர், பத்து விவசாயிகள், ஒரு நாள் இலை. எடை பதிந்து, தமிழில் சீட்டு அச்சாகி, மாலையில் அந்த எடை தொழிற்சாலைக் கணக்கில் ஏற வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அடுத்து மூன்று இடங்கள், அதன் பிறகே 14.

அந்தச் சிறு கீற்றிலேயே உண்மையான சிக்கல்கள் வெளியே வரும். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்த எடை, சிக்னல் வந்ததும் இரண்டு முறை ஏறுமா? ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே தனி எண் கொடுத்தால்தான் இதைத் தடுக்க முடியும். சாக்கின் எடை எவ்வளவு கழிகிறது? மழை நாளில் ஈரத்துக்கென்று கழிப்பது எத்தனை, அதை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால்? ஒருவர் தன் இலையை இரண்டு ஏஜென்ட்கள் மூலம் அனுப்பினால்? முன்பணமும் உரக்கடனும் எந்தத் தவணையில் பிடிக்கப்படுகின்றன? ஈரமான விரலுக்குத் திரை வேலை செய்கிறதா?

ஈரக் கழிவு மென்பொருள் கேள்வி அல்ல. அது விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே இருக்கும் பழைய மனவருத்தம். நோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த கழிவு, செயலி வந்ததும் சீட்டில் அச்சாகும். அதைச் சீட்டில் தனி வரியாகக் காட்டும்படி தொழிற்சாலையிடம் உறுதியாகப் பரிந்துரையுங்கள். பத்து விவசாயிகளோடு சிறிய அளவில் பேசித் தீர்ப்பதும், 14 இடங்களில் ஒரே நாளில் சண்டை வெடிப்பதும் ஒன்றல்ல. எடைக் கருவிகளில் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் சொல்ல அதிகாரமுள்ளவர்தான் ப்ராடக்ட் ஓனராக, அதாவது செயலியில் எது வேண்டும், எது முதலில் என்று முடிவு செய்பவராக, இருக்க முடியும். முதலாளியின் மகன் அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஆர்வம் இருக்கிறது, ஆனால் இலை வாங்கும் தொழில் அவருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் இலைக் கொள்முதலைப் பார்ப்பவர் வாரம் மூன்று மணி நேரம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கிடைக்கவில்லை என்றால் ஸ்பிரிண்டைத் தொடங்காதீர்கள்.

‘முடிந்தது’ என்பதன் பொருளையும் எழுதிவையுங்கள்: சிக்னல் இல்லாமல் வேலை செய்தது, எடையாளர் உதவி இல்லாமல் செய்தார், நோட்டோடு கூட்டல் பைசா பிசகாமல் ஒத்துப்போனது. எடைப் பதிவுக்கு இரண்டு வாரச் சுழற்சி போதும். பணக் கணக்கு மாதம் ஒருமுறைதான் முடிகிறது. ஆகவே அந்தப் பகுதியைப் பற்றிய உண்மை உங்களுக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் தெரியும். குறைந்தது இரண்டு மாதப் பட்டுவாடாவரை நோட்டையும் செயலியையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

காலை அழைப்பு

17 பேர், 50 நிமிடம் என்பதை நாளைக்கே நிறுத்துங்கள். கையேடு சொல்லும் தினக் கூட்டம் 15 நிமிடம், பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஒரே குழுவுக்கு. எஸ்டேட்டில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் மஸ்டரை உங்கள் சூப்பர்வைசர் நன்றாக அறிவார். மஸ்டரில் மேலே இருப்பவர் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். தினக் கூட்டத்தில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசி, யாருக்கு எங்கே தடை என்று பார்த்துக்கொள்வார்கள். உங்கள் அழைப்பில் நடந்தது வீடியோவில் மஸ்டர். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. சைட்டுக்கு அவரே நடத்தும் பத்து நிமிடப் பேச்சு, கோவைக் குழுவுக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம். செவ்வாயும் வெள்ளியும் நீங்கள், சூப்பர்வைசர், மென்பொருள் குழுவில் ஒருவர் என மூன்று பேர் மட்டும் இருபது நிமிடம் பேசி, மூன்று வேலைகளும் ஒன்றையொன்று தொடும் இடங்களைப் பாருங்கள். எடைமேடைக்கு மின் இணைப்பு எப்போது, ட்ரையர் லாரி மலை ஏறும் நாளில் தளம் தயாரா என்பவைதான் அந்தப் பேச்சு.

ஒப்பந்தம்

கையெழுத்திட்ட ஒப்பந்தம் உங்கள் உள் முறை மாறியதால் மாறாது. வாட்ஸ்அப்பில் “சரி சார், சேர்த்துடலாம்” என்று எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தச் சொல் பின்னால் உங்கள் கடமையாக வந்து நிற்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 62இன்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாம். ஒரு துணை ஒப்பந்தம் கேளுங்கள். கட்டடமும் இயந்திரமும் இப்போதுள்ள தவணையிலேயே இருக்கட்டும். செயலிக்கு மட்டும், மொத்தத் தொகையும் கடைசி நாளும் மாறாமல், உள்ளே இருக்கும் வசதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். புதிதாக ஒன்று வந்தால் அதே அளவு வேலையுள்ள ஒன்று வெளியே போக வேண்டும், போவது எது என்பதைத் தொழிற்சாலைக்காரர் முடிவு செய்வார். தவணையும் ஓடுகிற இடங்களின் எண்ணிக்கைப்படி: 1, 3, 14.

அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒன்பதாவது மாதம் மொத்தமாகப் பார்ப்பதற்குப் பதில் மூன்றாவது மாதமே ஒரு இடத்தில் ஓடுவதைப் பார்க்கிறார். அதைக் காட்டிவிட்டுப் பேசுங்கள், முன்னால் பேசாதீர்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பழைய ஒப்பந்தப் பட்டியலே பேக்லாக், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், அதன் வரிசையை மட்டும் நீங்கள் மாற்றுங்கள். அபராதத்தைப் பொறுத்தவரை பிரிவு 74இன்படி எழுதிய தொகைதான் உச்சவரம்பு, நியாயமான இழப்பீடு அதற்குள்தான். ஆனாலும் தவணைப் பணத்தில் முதலில் பிடித்துவிட்டுப் பிறகு பேசுவதுதான் நடப்பு. ஆகவே மழை, நிலச்சரிவு, சாலை அடைப்பு நாட்களைத் தேதியோடும் படத்தோடும் பதிந்து, அந்த வாரமே கடிதமாக அனுப்புங்கள். துணை ஒப்பந்தத்தின் வாசகத்தை ஒரு வழக்கறிஞர் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

உங்கள் வேலை

ஸ்க்ரம் கையேட்டில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பு இல்லை என்பது உண்மைதான். ஒரு மென்பொருள் குழுவின் உள்ளே அது தேவைப்படுவதில்லை. ஒப்பந்தம், அனுமதி, பணவரவு, மூன்று குழுக்களின் இணைப்பு, மழைக்கு முந்தைய கெடு எல்லாவற்றையும் பற்றிக் கையேடு பேசவே இல்லை. அவற்றைப் பார்க்க ஒருவர் வேண்டும், அது நீங்கள். ஸ்க்ரம் முறையைக் குழு சரியாகப் பின்பற்ற உதவும் ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ ஆக உங்களை ஆக்குவதாகச் சொன்னால், பொறுப்புகள், சம்பளம், யாருக்குக் கீழே என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பொறுப்பையும் ஒருவரே சுமந்தால், ஒரே கூட்டத்தில் குழுவைப் பேசவும் வைக்க வேண்டும், கெடுவுக்கு நெருக்கவும் வேண்டும். உங்கள் முன்னால் தடையைச் சொல்ல ஆட்கள் தயங்குவார்கள். செயலிக் குழுவுக்கு அவர்களில் ஒருவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

முதலாளியின் மகனிடம் ‘உங்கள் முறை தோற்றது’ என்று சொல்லாதீர்கள். அந்த ஆர்வம் உங்களுக்கு வேண்டும். செயலியை அவர் முன்னின்று நடத்தட்டும், ஆனால் மாதம் இரண்டு காலைகளாவது இலை எடுக்கும் இடத்தில் எடையாளரின் பக்கத்தில் நிற்கட்டும். சூப்பர்வைசர் அண்ணனிடம் நீங்களே நேரில் போய், ஆறு வாரத் தாளை வெறும் தாளாகவே கொடுத்து, “மழைக்கு முன்னாடி எது முடியும், எது முடியாதுண்ணு நீங்களே எழுதுங்கண்ணா” என்று கேளுங்கள். அவர் ‘முடியாது’ என்று எழுதும் வரிகளை அழிக்காதீர்கள். திங்கட்கிழமை முதலாளியிடம் எடுத்துப்போக வேண்டியது அந்த வரிகளைத்தான்.